பன்னிரண்டாவது காசு

ஞாயிறு காலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் அப்படியே இருக்க வேண்டும். துறைமுகத்தில் கிரேன் மேல் ஏறும்போது இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்கிறாயா? அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு உன்னை மாதிரி கிரேன் வேலை பார்க்கிற ஒருவர் வந்தாராம். பட்டை கனமாக இருக்கிறது என்று அவர் போடுவதே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

நீ வாங்கிய பொட்டலத்தைச் செவ்வாய்க்கிழமை தராசுக்காரர் கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன். மனிதர் மாறவே இல்லை. பழங்காசு விற்கிற கடையில் என் குடையைக் கொடுத்தாலும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார் போலிருக்கிறது. பன்னிரண்டு பழைய ரோமானிய வெள்ளிக் காசுகள், ஒவ்வொன்றும் சின்னக் காகித உறையில். வழக்கமாக உறையின் மேல் எந்த ராஜா, எந்த வருடம் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார். இந்தத் தடவை எல்லா உறையும் வெறுமை. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்களே படிச்சுடுவீங்களேம்மா" என்று சிரித்தார்.

சாப்பாட்டு மேசையை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு, அப்பாவின் பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். "செல்லாக் காசுக்கு இந்த வீட்டுல இவ்வளவு செல்லம், செல்லுபடியாகிற மனுஷனுக்கு மேசையில இடமில்ல" என்று அப்பா முனகிக்கொண்டே இருந்தார்.

மூன்று அந்தோனினஸ். தாடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு செப்டிமியஸ். ஒன்றில் பதவி ஆண்டு எண் தெளிவாக இருக்கிறது, இன்னொன்றில் எண்ணின் பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. அச்சை வைத்துச் சுத்தியல் அடித்தவனுக்கு அன்றைக்கு என்ன கவலையோ. கதிர் கதிராக மகுடம் வைத்த கோர்டியன் நான்கு பேர். ஒரு பிலிப். ஒரு ஃபாஸ்டினா. எல்லாவற்றையும் தனித்தாளில் முன்பக்கம், பின்பக்கம், எழுத்து, எடை என்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் எழுதிய பட்டியல், அதனால் தைரியமாக நம்பலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கே ஒரு காசைப் பார்த்தாலும் படம் எடுத்து முதலில் எனக்குத்தான் அனுப்புவாய். சின்ன வயதில் நீ கால் உடைந்து படுக்கையில் கிடந்த அந்த இரண்டு மாதத்தில் மண் படிந்த காசுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, பல் குத்தும் குச்சியால் சுரண்டிச் சுரண்டி, முதல் முகம் வெளியே வந்தபோது "அம்மா, ஆள் வந்துட்டாரு" என்று கத்தினாயே, அன்றிலிருந்து அப்படித்தான். இப்போது எனக்கு வருவது முடிந்துபோன செய்தி. "அவ பாத்தா, கோர்டியன்னு சொல்லிட்டா." "அவ சுத்தம் பண்ணிட்டா." "அவளுக்குப் புடிச்சிருந்துச்சு, வாங்கிட்டோம்." எனக்குப் படிக்க என்ன மிச்சம்? பல் கட்டுகிற பட்டறையில் நாளெல்லாம் மற்றவர்கள் பல்லைப் பார்க்கிற பெண்ணுக்கு, வீட்டுக்கு வந்தால் ராஜாக்களின் பல்லையும் பார்க்க வேண்டுமா என்று தோன்றுகிறது. விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

ராணி முகமாக ஒன்றை எடுத்து வை, அவள் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வருடமாக உனக்குக் காசு படித்துக் கொடுக்கிறவளுக்கு நீ ஒரு ராணியும் கொடுத்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, நினைவுக்கு வந்தது. ஃபாஸ்டினாவை எடுத்து வைத்திருக்கிறேன். மூக்கு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் கொண்டை அழகு.

பன்னிரண்டாவது, மமேயா. நம் செவெரஸ் அலெக்சாண்டர் ராஜாவின் அம்மா. சாதாரணம், எல்லார் பெட்டியிலும் இருப்பதுதான். இடப்பக்க எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. அதை அனுப்பவில்லை. உங்களுக்கு எதற்கு, என் காசுத் தட்டிலேயே கிடக்கட்டும். மற்ற பதினொன்றும் இந்த வாரம் பதிவுத் தபாலில் வரும்.

தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள். எல்லா நலமும் உனக்குக் கிடைக்கட்டும்.

உன் அன்பு அம்மா

*

புதன்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினொரு காசும் பத்திரமாக வந்து சேர்ந்ததில் சந்தோஷம். ஃபாஸ்டினாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கடைசியில் அரை வரி. நன்றாகவே வலிக்கிறது.

பன்னிரண்டாவது காசைப் பற்றி எதற்கு இத்தனை கேள்வி? கடைக்காரர் முன்பு அனுப்பிய மொத்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாயாம். பின்பக்கத்தில் ஒற்றுமைத் தெய்வம் 'கன்கார்டியா' உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறதாம். "மமேயாவுக்கு வெஸ்டா, ஜூனோன்னு தானேம்மா வரும்? இது யாரும்மா?" என்று கேட்கிறாய். படத்தில் சுண்டைக்காய் அளவு தெரிவதை வைத்துக்கொண்டு, காசைக் கையில் வைத்திருக்கிறவளைக் கேட்கிறாயா? தேய்ந்த காசில் உட்கார்ந்திருக்கிற பெண் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நான் மமேயா என்றால் மமேயாதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. நீ சந்தேகப்பட்டாயாம், அவள்தான் உன்னை அடக்கினாளாம். "அத்தை கண்ணு தப்பாது. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், விட்டுடுங்க" என்றாளாம். எனக்குச் சான்றிதழ் கொடுக்க அவளை யார் கேட்டார்கள்? என் கண்ணைப் பற்றி என் மகனுக்கு அவள் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலைமையா வந்துவிட்டது?

பழசைக் கிளறக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ கிளறிவிட்டாய். கல்யாணமாகி முதல்முறை நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது நான் என்ன செய்தேன்? எல்லாத் தட்டையும் விட்டுவிட்டு என் பெர்டினாக்ஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். மூன்றே மாதம் ஆண்ட ராஜா. அவர் காசு கிடைப்பது எத்தனை அபூர்வம் என்று உனக்குத் தெரியும். ஆறு வருடம் தேடி வாங்கியது. அவள் பார்த்து "நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். சொன்னாளா? ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஓரத்தை நகத்தால் தடவினாள். நானா கேட்டேன்? சரி, நான்தான் கேட்டேன், "என்னம்மா அப்படிப் பாக்குறே" என்று. மெதுவாகத்தான் சொன்னாள். "அத்தை, இது அடிச்ச காசு இல்ல போலிருக்கு. அச்சுல வார்த்தது. முகத்துல சின்னச் சின்னக் குமிழி இருக்கு பாருங்க. ஓரத்துல ரெண்டு அச்சும் சேர்ந்த தையலை அரம் வச்சுத் தேச்சிருக்காங்க. நாங்க பட்டறையில தினமும் இதைத்தானே பண்றோம்."

அவள் சொன்னது சரி. நானே பிறகு லென்ஸில் பார்த்தேன். குமிழி இருந்தது. எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்த நான் உலோகத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அதுகூடப் பெரிதில்லை. நீ அப்போது ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? காசை வாங்கிப் பார்க்கவே இல்லை. "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றாய். அதுவரைக்கும் அந்த வாக்கியம் என்னுடையது. நீ பள்ளிக்கூடத்தில், உன் சிநேகிதர்களிடம், தராசுக்காரரிடம் சொல்வாயே, "எங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று. ஒரு எழுத்தும் மாறாமல் எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாய்.

இப்போது அவள் அதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். பிச்சை மாதிரி இருக்கிறது.

அந்தக் காசைப் பற்றி இனிக் கேட்காதே. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், தட்டையெல்லாம் கட்டி உள்ளே வைத்துவிட்டேன், எடுத்துப் படம் பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பேசு. அவள் கடைக்கு எங்காவது போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசு. உன் குரலை மட்டும் கேட்டு நாளாயிற்று.

அம்மா

*

சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். கவரின் மேல் உன் பெயரைப் பார்த்து நீ பயந்திருப்பாய். வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. மாமா கடைக்குப் போயிருக்கிறார். என் முழங்கால் தேவலை.

இந்த இரண்டு வருடத்தில் உனக்கென்று நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. அவனுக்கு எழுதும்போது அடியில் உன்னையும் விசாரித்ததாக ஒரு வரி சேர்ப்பேன். கடைசி இரண்டில் அதையும் விட்டுவிட்டேன். பிழை திருத்துகிறவள், வரி விட்டுப்போனது தெரியாமல் விட்டிருக்க மாட்டேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காசு போட்டு வைக்கிற உறை வாங்கத் தராசுக்காரர் கடைக்குப் போனேன். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "என்னம்மா, படிச்சுட்டீங்களா? ஒர்பியானா ராணி எப்படி இருக்காங்க?" என்றார். பன்னிரண்டாவது காசில் இருப்பது ஒர்பியானா என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "உங்க மருமகதானே கண்டுபிடிச்சாங்க" என்றார்.

எல்லாம் சொல்லிவிட்டார். அவருடைய மொத்தப் படத்தில் அந்தக் காசை நீதான் முதலில் பார்த்தாயாம். அவரே அதை மமேயா என்றுதான் வைத்திருந்தாராம். நீ தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் கிட்டத்தில் படம் கேட்டு, ஓரத்தையும் படம் எடுக்கச் சொல்லி, எடை கேட்டு, அடித்த காசுதான் என்று உறுதி செய்துகொண்டாயாம். பிறகு நீயே அவரிடம், இது மமேயா இல்லை, இன்னார் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கே வாங்கிக்கொண்டாயாம். "நாப்பது வருஷத்துல இப்படி ஒரு கிறுக்குப் புள்ளைய நான் பாத்ததில்லம்மா" என்றார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டாயாமே. "எந்த உறையிலயும் பேர் எழுதிடாதீங்க. எங்க அத்தை படிக்கட்டும். கண்டுபிடிக்கிற சந்தோஷம் அவங்களுக்குத்தான் வரணும். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் நான் சொல்லல." இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குடையை அங்கேயே மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நான் என்ன செய்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

அந்தக் காசைக் கடைசியாகத்தான் எடுத்தேன். இடப்பக்கம் எழுத்து தேய்ந்திருந்தது. வலப்பக்கம் 'பியானா' என்று எழுத்து எழுத்தாக நின்றது. திருப்பிப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கிற கன்கார்டியா, கையில் பழம் நிறைந்த இரட்டைக் கொம்பு, சுற்றி எழுத்து, கடைசியில் அரசப் பட்டத்தின் சுருக்கத்தில் 'ஜி' இரண்டு. 'ஜி' இரண்டு தடவை வந்தால் இரண்டு பேர், ராஜாவும் ராணியும். இருவரின் ஒற்றுமை. வாழ்நாளில் அப்படி ஒரு காசு என் கைக்கு வரும் என்று நினைத்ததில்லை. உடனே தொலைபேசியை எடுத்தேன். அவனிடம் சொல்லத்தான். நீ எடுத்தாய். "சொல்லுங்க அத்தை" என்றாய். உன் குரலில் ஒரு அவசரம் இருந்தது, எதையோ எதிர்பார்த்த மாதிரி. இப்போதுதான் அது எனக்குப் புரிகிறது. ஆனால் அப்போது என் காதில் விழுந்தது அது இல்லை. உன் பின்னால் அவன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. இங்கே வந்து இருந்த பத்து நாளில் ஒரு தடவைகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை. "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

மேசைக்குத் திரும்பி வந்தேன். ராணி முகமாக ஒன்று எடுத்து வை, அவளுக்கு, என்று அவன் எழுதிய கடிதம் காசுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இந்த ஒர்பியானாவை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் படித்ததை, நான் கண்டதை, அவன் கையால் நீ வாங்கி மகிழ்வதை நினைத்தபோதே வயிறு எரிந்தது. பேனாவை எடுத்து மமேயா என்று எழுதினேன். முப்பது வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள், தெரிந்தே ஒரு பிழையை என் கையால் எழுதினேன். எழுதிய பிறகு மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு பெண்களின் கதை உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மமேயாதான் தன் மகனுக்கு ஒர்பியானாவைக் கட்டிவைத்தவள். மகன் அந்தப் பெண்ணிடம் பிரியமாக இருந்தானாம். அவளுக்கும் ராணிப் பட்டம் வந்தது, காசில் முகம் வந்தது. மாமியாருக்குத் தாங்கவில்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பெண்ணைக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு விரட்டிவிட்டாள் என்று அந்தக் காலத்துச் சரித்திரக்காரர் எழுதிவைத்திருக்கிறார். மகன் வாயைத் திறக்கவில்லையாம். இதையெல்லாம் நான் எத்தனையோ வருடம் முன்பே படித்து, "என்ன பொம்பளைடா இவ" என்று உன் வீட்டுக்காரனிடமே திட்டியிருக்கிறேன். அவள் செய்ததைத்தான் நான் இந்த மேசையில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். மருமகளின் காசில் மாமியார் பெயரை எழுதியிருக்கிறேன்.

நீ என் பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டிருப்பாய். தெரிந்தும் அவனிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அத்தை கண்ணு தப்பாது" என்று சொல்லியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. முழு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எரிச்சல் இன்னும் முழுக்கப் போகவில்லை. நீ நல்லவளாக வேறு இருக்கிறாய், நான் என்னதான் செய்வது? ஒரு குறை சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளவாவது ஏதாவது வைத்திருக்கக் கூடாதா? காசையும் என்னைவிட முன்னால் நீ பார்த்துவிட்டாய், அதுவும் கட்டைவிரல் நகமளவு படத்தில். என்னால் முடிந்திருக்காது. இதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அவனிடம் நான் எழுதியது பொய் என்று நானே சொல்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை அவன் பேசும்போது சொல்வதாக இருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் கோபப்பட்டிருந்தால் பட்டுவிட்டுப் போகட்டும், நீ எனக்காகப் பேசப் போகாதே. திட்டு வாங்குவதையாவது நான் ஒருத்தியே வாங்கிக்கொள்கிறேன்.

காசுக்குப் புது உறை போட்டுவிட்டேன். மேலே சரியான பெயரை எழுதி, கண்டறிந்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அதன் கீழே, சரிபார்த்தது என்று என் பெயர். மாமா பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு பேரும் ஒரே உறையிலயா?" என்று கேட்டார். நான் உறையை மடித்து மூடினேன்.

ஆனால் அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீ எனக்காக வாங்கினாய், அவன் உனக்காகக் கேட்டான், யார் வைத்துக்கொள்வது என்று நேரில் பேசித்தான் தீர்க்க வேண்டும். என் தட்டுகளில் இன்னும் எழுபது, எண்பது வெள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றாக ஓரத்தைப் பார்த்து, எது அடித்தது, எது வார்த்தது என்று நீ சொல்ல வேண்டும். எத்தனை வார்த்ததாக இருந்தாலும் சொல், நான் முகம் வாட மாட்டேன். வாடினாலும் நீ பார்க்காத மாதிரி இரு. எழுத்து படிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் நீ கை வைக்காதே.

மேசையை ஜன்னல் ஓரத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது. உன் பட்டறையில் எப்போது லீவு தருவார்கள் என்று கேட்டு எழுது. அவனுக்குத் துறைமுகத்தில் இப்போது வேலை மும்முரம் என்று சொன்னான். அவனால் வர முடிந்தால் வரட்டும். முடியாவிட்டால் நீ மட்டும் வாம்மா.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தை